நீறுபூத்த நெருப்பு

“நெருப்பில்லாமற் புகையாது” என்பது நம்மவர் வாயில் நாளும் வழங்கும் பழமொழி. தருக்கம் பயிலும் மாணவர் அனுமானப் பிரமாணத்துக்கு உதாரணமாக முதலிற் கற்பதும் இதனையே. தூரத்து மலையிலே புகை எழுகின்றது. ஆகவே அங்கே நெருப்பு உண்டு. நெருப்பை நாம் கண்டிலோம்; காணாமலே அறிகின்றோம். இன்றைய வைத்தியர்களும் இவ்வாறே சிறிது குருதியை எடுத்துச் சோதித்து, கண்ணுக்குத் தோன்றாத ஒரு நெருப்பு உடம்பினுள்ளே கனன்றுகொண்டிருப்பதை அனுமானிக்கின்றனர். இருதய நோய், சிறுநீரக நோய், சலரோகம் ஆகிய மூன்றிலும் பொதுவாகக் காணப்படுவது அந்நெருப்பு. அதன் புகையைக் கொண்டு ஒருவரது உயிருக்குள்ள ஆபத்தை எவ்வளவு தூரம் முன்னறியலாம், எவ்வளவு தூரம் அறிய இயலாது என்பதையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

இது வைத்தியர்களுக்கு மாத்திரம் உரிய ஆராய்ச்சி என்று வாசகர்கள் தள்ளிவிடலாகாது. நம் வீடுகளிலே நிகழக்கூடியதொன்றை எண்ணிப் பார்ப்போம். ஐம்பது வயதைத் தாண்டிய குடும்பத் தலைவர் ஒருவர் இரத்தப் பரிசோதனை செய்விக்கின்றார். கொலஸ்திரோல் அளவுக்குள் இருக்கின்றது. “இனிப் பயமில்லை” என்று மனைவி மக்கள் ஆறுதலடைகின்றனர். சில மாதங்கள் கழித்து ஒருநாள் அதிகாலையில் மாரடைப்பு வந்துவிடுகின்றது. “எல்லாம் சரியென்றல்லவா கடதாசியில் இருந்தது!” என்று வீட்டார் திகைக்கின்றனர். அக்கடதாசி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மாத்திரமே விடை சொன்னது. கொலஸ்திரோல் எவ்வளவு என்று கேட்டோம். உள்ளே நெருப்பு உண்டோ என்று கேட்கவில்லை.

அழற்சி என்பது யாது?

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கின்றது, வீங்குகின்றது, சூடேறுகின்றது, நோகின்றது. இந்நான்கு குறிகளையும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்பார் இலத்தீன் மொழியிலே எழுதிவைத்தார். இதுவே அழற்சி. அழல் என்றால் நெருப்பு. பெயரே பொருளை விளக்குகின்றது. கிருமி புகுந்த இடத்துக்கும் காயம்பட்ட இடத்துக்கும் வெண்குருதிக் கலங்கள் விரைந்து செல்கின்றன, பகையை அழிக்கின்றன, சிதைந்தவற்றை அகற்றுகின்றன, புண் ஆறுவதற்கு வழிசெய்கின்றன. உடம்பு தன்னைக் காக்கத் தானே மூட்டும் நெருப்பு இது. இஃதில்லையேல் ஒரு சிறு கீறலும் நமக்கு யமனாகிவிடும்.

ஆனால், அடுப்பில் எரிந்து சோறு சமைக்கும் அதே நெருப்புத்தான் கூரையிலேறினால் வீட்டை எரிக்கின்றது. வேலை முடிந்ததும் தணியவேண்டிய அழற்சி தணியாமல், சிவப்பும் வீக்கமும் நோவும் காட்டாமல், ஆண்டுக்கணக்காக உள்ளே கனன்றுகொண்டிருப்பதும் உண்டு. நீறுபூத்த நெருப்பென்று நம் முன்னோர் சொன்னது இதற்கு மிகப் பொருந்தும். அதனை உடையவர் அறியார். தொட்டுப் பார்க்கும் வைத்தியரும் அறியார். குருதியைச் சோதித்தாலன்றி அது புலப்படாது.

‘சீ’ என்ற எழுத்தின் கதை

குருதியிலே அழற்சியைத் தேடும் முயற்சி பழையது. குழாயொன்றில் நிறுத்திவைத்த குருதியிற் செங்குருதிக் கலங்கள் அடியிலே படியும் வேகத்தைக் கொண்டு நோயை மதிப்பிடும் முறையை 1897ஆம் ஆண்டில் போலந்து நாட்டுப் பியெர்நாட்ஸ்கி என்பாரும், 1918ஆம் ஆண்டு தொடக்கம் சுவீடன் நாட்டுப் பாரேயஸ் என்பாரும் ஆராய்ந்தனர். இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் ஈ. எஸ். ஆர். என்று எழுதப்படும் சோதனை அதுவேயாம்.

அதனினும் நுட்பமான அடையாளம் ஒன்று 1930ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்திற் கண்டுபிடிக்கப்பட்டது. அது பென்சிலின் வழக்குக்கு வராத காலம். நியூமோனியாக் காய்ச்சல் பல்லாயிரவரைக் கொன்றுவந்தது. வில்லியம் ரில்லெற், தோமஸ் பிரான்சிஸ் என்னும் இருவர் அந்நோய்க் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களுள் ஒன்று ‘சீ’ என்ற ஆங்கில எழுத்தாற் குறிக்கப்பட்டது. அப்பொருளை நோயாளரின் குருதி நீரோடு கலந்தபோது வீழ்படிவு உண்டாயிற்று. நோயாளர் குணமடைந்த பின்னர் அதே பொருளைக் கலந்தபோது ஒன்றும் உண்டாகவில்லை. நோயுள்ளபோது தோன்றி, நோய் நீங்கியதும் மறையும் ஏதோவொன்று குருதியில் இருக்கவேண்டும் என்று அவர்கள் தெளிந்தனர். அது ஒரு புரதம் என்பது பின்னர் அறியப்பட்டது. பின்னர் ‘சீ’யுடன் தாக்கமுறும் புரதம் என்று அதற்குப் பெயரிடப்பட்டது. அதன் சுருக்கமே இன்று ஆய்வுகூடக் கடதாசிகளிற் காணப்படும் சீ. ஆர். பி.

இப்புரதத்தை ஆக்குவது ஈரல். அழற்சி எழுந்த இடத்திலிருந்து இன்ரலூக்கின்-6 என்னும் தூதுப்பொருள் ஈரலை அடைந்ததும், சில மணி நேரத்துள் இப்புரதம் குருதியிற் பெருகத் தொடங்குகின்றது. கடுந்தொற்றில் ஆயிரம் மடங்குவரையும் உயரக்கூடும். ஈரல் ஆக்குவதை நிறுத்தினால் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகின்றது. நெருப்பு மூண்டால் உடனே எழுந்து, அணைந்தால் விரைவிற் கலையும் புகை என்பதற்கு இதைவிடச் சிறந்த உவமை வேண்டியதில்லை.

இருதயத்திற் கண்டது

நெடுங்காலம் இச்சோதனை வாதக் காய்ச்சல் போன்ற பெருநெருப்புக்களை அறியவே பயன்பட்டது. சிறு அளவுகளையும் அளக்கும் நுண்முறைகள் தோன்றிய பின்னரே நீறுபூத்த நெருப்புப் புலப்படலாயிற்று. 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து வைத்தியர் போல் றிட்கரும் துணைவரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். நோயற்ற ஆண் வைத்தியர்கள் பலர் 1982ஆம் ஆண்டளவில் ஓர் ஆய்விற் சேர்ந்தபோது கொடுத்த குருதி குளிரிற் சேமித்துவைக்கப்பட்டிருந்தது. பின்னாளில் நோயுற்ற 543 பேரின் குருதியையும் நோயுறாத 543 பேரின் குருதியையும் அவர்கள் ஒப்பிட்டனர். சீ. ஆர். பி. மிகுந்திருந்த காற்பங்கினருக்கு, மிகக் குறைந்திருந்த காற்பங்கினரிலும் மாரடைப்பு ஏறத்தாழ 3 மடங்காகவும், மூளையிற் குருதி அடைப்பால் வரும் பாரிசவாதம் ஏறத்தாழ 2 மடங்காகவும் ஏற்பட்டிருந்தது. நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர், எல்லாரும் சுகதேகிகளாயிருந்த காலத்திலேயே அப்புகை எழுந்திருந்தது.

நாடிகளின் சுவரில் நிகழ்வதை நோக்கின் காரணம் விளங்கும். நாடி என்பது கொழுப்புப் படிந்து அடைபடும் வெறுங்குழாயன்று. அது உயிருள்ள இழையம். சுவரினுள்ளே புகுந்த கொழுப்பைப் பகையென்று கருதி வெண்குருதிக் கலங்கள் அதனை விழுங்குகின்றன. விழுங்கியவை அங்கேயே மடிந்து குவிகின்றன. அக்குவியலை ஒரு மெல்லிய மூடி காக்கின்றது. அழற்சி அம்மூடியை அரித்து மெலிவிக்கின்றது. ஒருநாள் மூடி வெடிக்க, அவ்விடத்திலே குருதி உறைந்து வழியை அடைக்கின்றது. அதிகாலை மாரடைப்பின் வரலாறு இதுவே.

2010ஆம் ஆண்டில் 54 ஆராய்ச்சிகளில் இடம்பெற்ற 1,60,309 பேரின் தரவுகள் ஒருங்கே ஆராயப்பட்டன. சீ. ஆர். பி. உயர உயர இருதய நோயும் பாரிசவாதமும் மிகுந்தன. அம்மட்டோ! சிலவகைப் புற்றுநோய்களாலும் சுவாச நோய்களாலும் நேர்ந்த மரணங்களும் அவ்வாறே மிகுந்தன. 2023இல், கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் மருந்தை உட்கொண்டுவந்த 31,000க்கு மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, அவர்களின் மரணத்தை முன்னறிவிப்பதில் எஞ்சியிருந்த கொலஸ்திரோலைவிட எஞ்சியிருந்த அழற்சியே வலிமை மிக்க குறியாய் இருந்தது. குடும்பத் தலைவரின் கடதாசி ஏன் போதாதிருந்தது என்பதற்கு விடை இங்கே கிடைக்கின்றது.

சிறுநீரகத்திற் கண்டது

சிறுநீரக நோயாளர் பலர் சிறுநீரகம் முற்றாய்ச் செயலிழக்கு முன்னரே இருதய நோயால் இறக்கின்றனர் என்பது பலரும் அறியாத உண்மை. சிறுநீரகம் தளர்ந்தால் வெளியேறவேண்டிய கழிவுகளும், அழற்சியைத் தூண்டும் தூதுப்பொருள்களும் குருதியிலே தேங்குகின்றன. இயந்திரத்தாற் குருதியைச் சுத்திகரிக்கும் நிலையை அடைந்தோருக்கு ஆபத்து இன்னும் பெரிது. கழுத்து நாளத்திற் பொருத்திய குழாய், மறைந்திருக்கும் தொற்று, சொத்தைப் பல் ஆகிய ஒவ்வொன்றும் நெருப்புக்கு விறகாகலாம்.

1999ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் குருதிச் சுத்திகரிப்புப் பெறுவோரை ஆராய்ந்து, சீ. ஆர். பி. உயர்ந்திருந்தோரிடையே மரணம் மிகுந்திருக்கக் கண்டனர். அதே ஆண்டிற் சுவீடன் நாட்டு ஸ்ரென்விங்கல் என்பார், ஊட்டக்குறைவும் அழற்சியும் நாடித் தடிப்பும் சிறுநீரக நோயாளரிடத்தே கூடிவருவதை எடுத்துக்காட்டினார். அல்புமின் என்ற புரதமும் இங்கே ஒரு சாட்சி. அழற்சியின்போது ஈரல் சீ. ஆர். பி.யை மிகுதியாக ஆக்கி, அல்புமினைக் குறைத்து ஆக்குகின்றது. ஆகவே ஒன்று ஏற மற்றது இறங்கும். அல்புமின் இறங்கிய சுத்திகரிப்பு நோயாளருக்கு மரண ஆபத்து மிகுதி என்பது 1990ஆம் ஆண்டிலேயே பெருந்தொகையினரிடத்து அறியப்பட்டது.

இன்னுமொரு விந்தையையும் மாணவர்கள் கவனிக்கவேண்டும். சுத்திகரிப்புப் பெறுவோருள் கொலஸ்திரோல் குறைந்தவர்களே விரைவில் இறப்பதுபோலத் தோன்றிற்று. அப்படியானால் கொலஸ்திரோல் நல்லதா? அன்று. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இம்முடிச்சை அவிழ்த்தது. அழற்சியும் ஊட்டக்குறைவும் கொலஸ்திரோலையும் குறைக்கின்றன, உயிரையும் குறைக்கின்றன. அவ்விரண்டும் இல்லாத நோயாளரிடத்துக் கொலஸ்திரோல் வழக்கம்போலத் தீமையே செய்தது. ஓர் இலக்கத்தைத் தனியே எடுத்து நோக்கினால் எவ்வளவு தூரம் வழிதவறலாம் என்பதற்கு இது நல்ல பாடம்.

சலரோகத்திற் கண்டது

1876இல் ஜேர்மன் வைத்தியர் எப்ஸ்ரைன் என்பாரும், 1901இல் இங்கிலாந்திலே மன்செஸ்ரர் நகரத்து வில்லியம்சன் என்பாரும் அஸ்பிரினுக்கு உறவான சலிசிலேற்று மருந்தைப் பெருமளவிற் கொடுத்தபோது, சலரோகிகள் சிலரின் சிறுநீரிற் சீனி குறைவதைக் கண்டனர். அழற்சி மருந்துக்கும் சீனிக்கும் யாது தொடர்பு? ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே விடை கிடைத்தது. கொழுத்த எலிகளின் கொழுப்பிழையம் அழற்சியை மூட்டும் பொருளொன்றைச் சுரந்து, இன்சுலினின் வேலையைத் தடுப்பதை 1993ஆம் ஆண்டில் ஹொற்றமிஸ்லிகிலும் துணைவரும் காட்டினர். பருத்த உடம்பின் கொழுப்பிழையத்தினுள்ளே வெண்குருதி இனத்துக் கலங்கள் திரண்டிருப்பது 2003இல் வெளியாயிற்று. வயிற்றுக் கொழுப்பு நெல்லைப் போட்டு வைக்கும் கூடைபோன்றதென்று எண்ணியிருந்தோம். அதுவோ இரவும் பகலும் எரியும் உலையாயிருக்கின்றது.

நம்மவர் இதனைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். 2001ஆம் ஆண்டில் இலண்டனில் வாழும் இந்திய உபகண்டத்தவரையும் ஐரோப்பியரையும் ஒப்பிட்டு ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. நம் உபகண்டத்தவரின் சீ. ஆர். பி. சராசரியாக 17 சதவீதம் உயர்ந்திருந்தது. அதற்குப் பெரும்பாலும் காரணமாயிருந்தவை இடுப்புக் கொழுப்பும் இன்சுலின் சரிவர வேலை செய்யாமையுமே. கைகால் மெலிந்து வயிறு மாத்திரம் முன்தள்ளிய உருவத்தை ‘வசதியின் அடையாளம்’ என்று பாராட்டும் வழக்கத்தை நாம் கைவிடுதல் நன்று.

இம்மூன்று நோய்களும் ஒன்றையொன்று வளர்ப்பனவாதலால், 2023ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அமெரிக்க இருதயச் சங்கம் இருதய–சிறுநீரக–அனுசேபக் கூட்டுநோய் என்று இவற்றை ஒரே பெயராற் குறித்து, 0 முதல் 4 வரை படிகளும் வகுத்தது. சாதாரண இரத்தப் பரிசோதனைக் கடதாசியில் நியூத்திரோபில், இலிம்போசைற் என்னும் இருவகை வெண்குருதிக் கலங்களின் தொகை காணப்படும். முன்னதைப் பின்னதாற் பிரித்துவரும் ஈவு உயர்ந்திருப்பதும் இந்நோயாளரிடத்து மரண ஆபத்தின் குறியாய் ஆராயப்பட்டு வருகின்றது.

புகையை விரட்டினாற் போதுமா?

இங்கேதான் அறிவுடையோரும் தவறக்கூடிய இடம் வருகின்றது. புகை எங்கே அதிகமோ அங்கே மரணம் அதிகம் என்று கண்டோம். அதனாற் புகையே கொல்கின்றது என்றாகுமா? இயற்கையே இதனைச் சோதித்துக் காட்டியது. பிறப்பிலேயே சீ. ஆர். பி. சற்று உயர்ந்திருக்குமாறு பரம்பரை அமைந்தோர் உலகில் உளர். சீ. ஆர். பி. தானே நோய்க்குக் காரணமாயின், அவர்களுக்கு இருதய நோய் மிகுந்திருக்கவேண்டும். 2009, 2011ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பேராராய்ச்சிகளில் அவ்வாறு காணப்படவில்லை. ஆனால், ஈரலுக்குத் தூது செல்லும் இன்ரலூக்கின்-6இன் வேலை பரம்பரையாற் குறைந்திருப்போருக்கு இருதய நோய் குறைந்திருப்பது 2012இல் அறியப்பட்டது. ஆகவே சீ. ஆர். பி. புகை, நெருப்பு அதற்கு அப்பாலே உள்ளது.

நெருப்பையே அணைக்க முயன்றோரும் உளர். மாரடைப்பிலிருந்து தப்பியவரும் சீ. ஆர். பி. உயர்ந்தவருமான 10,061 பேரைக் கொண்டு கனக்கினுமாப் என்ற மருந்தைச் சோதித்த ஆராய்ச்சி 2017இல் வெளிவந்தது. அம்மருந்து கொலஸ்திரோலைக் குறைப்பதன்று. அழற்சியை மாத்திரம் தணிப்பது. நடுத்தர அளவு பெற்றோரிடத்து மாரடைப்பு, பாரிசவாதம், இருதய மரணம் ஆகியவை கூட்டாக 15 சதவீதம் குறைந்தன. ஆயினும் உயிர்போக்கும் தொற்றுக்கள் சற்று மிகுந்தன. மொத்த மரணத் தொகை குறையவில்லை. கூரைத் தீயை அணைக்க ஊற்றிய நீர் அடுப்பையும் அணைத்துவிட்டது எனலாம். மெதொற்றெக்சேற் என்ற வேறொரு மருந்தைக் கொண்டு நடத்தி 2018இல் முடிவு வெளியிடப்பட்ட ஆராய்ச்சியிற் பயன் காணப்படவில்லை.

கொல்ச்சிசின் என்னும் பழைய மருந்தின் கதை நமக்கு நெருக்கமானது. நம் வேலிகளிலே படர்ந்து, தீச்சுடர்போல மலரும் கார்த்திகைப் பூச் செடியின் கிழங்கிலும் அப்பொருள் உண்டு. அக்கிழங்கு உயிர்கொல்லும் நஞ்சென்பதை நம் நாட்டார் நன்கறிவர். அந்நஞ்சையே அரை மில்லிகிராம் அளவிலே நாள்தோறும் கொடுத்தபோது, மாரடைப்புக்கு ஆளானோரிடத்து மீண்டும் நேரும் இருதய விபத்துக்கள் 23 சதவீதம் குறைந்ததாக 2019இல் ஓர் ஆராய்ச்சி கூறிற்று. 2023இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதியும் அளித்தது. ஆனால், 2024இல் வெளிவந்த 7,000க்கு மேற்பட்டோரைக் கொண்ட ஆராய்ச்சியில் நன்மை காணப்படவில்லை. சிறுநீரகம் தளர்ந்தோருக்கு இம்மருந்து எளிதில் நஞ்சாகும். எனவே, கிழங்கையோ மருந்தையோ எவரும் தம்மெண்ணப்படி உட்கொள்ளத் துணியலாகாது.

வீட்டார் அறியவேண்டுவன

சீ. ஆர். பி. லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைந்தால் இருதய ஆபத்துக் குறைவு. 1 முதல் 3 வரை நடுத்தரம். 3க்கு மேல் மிகுதி என்று 2003ஆம் ஆண்டில் அமெரிக்க நிபுணர் வகுத்தனர். 10க்கு மேற்பட்டால் முதலில் தொற்றையோ வேறு நோயையோ தேடவேண்டும். காய்ச்சல், தடிமன், பல்நோவு உள்ள நாளிற் சோதித்து அஞ்சுவது வீண். இரண்டு வாரம் கழித்து மீண்டும் சோதிப்பதே முறை. இவ்விலக்கங்கள் பல்லாயிரவரின் சராசரி. ஒருவரின் ஆயுளை எழுதிய ஏடன்று இக்கடதாசி.

இலக்கத்தைக் குறைக்கவென்று கடையில் விற்பனவற்றை வாங்கி உண்பதால் நன்மை இல்லை. அழற்சியைத் தணிப்பவைதாமே என்று டைக்குளோபெனக், இபுபுரோபன் முதலிய நோமருந்துகளை நாள்தோறும் விழுங்குவதோ பெருந்தீங்கு. அவை சிறுநீரகத்தைக் கெடுப்பதுடன் மாரடைப்பு ஆபத்தையும் கூட்டுவன. விறகை அகற்றுவதே வழி. புகைத்தலை விடுதல், இடுப்பைச் சுருக்குதல், நாள்தோறும் நடத்தல், முரசு நோய்க்கு வைத்தியம் செய்தல், சீனியையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தல் என்பனவே அவ்வழி. ஸ்ரற்றின் மருந்து கொலஸ்திரோலோடு அழற்சியையும் குறைக்கின்றது. வைத்தியர் எழுதிக்கொடுத்ததை இடையில் நிறுத்தலாகாது. குருதிச் சுத்திகரிப்புப் பெறுவோரின் வீட்டார், “அல்புமின் எவ்வளவு? குழாயில் தொற்று உண்டோ?” என்று வைத்தியரிடம் வினாவத் தயங்கவேண்டாம்.

தூரத்து மலையிற் புகையைக் கண்டவன் அஞ்சி ஓடுவதுமில்லை. புகையை விசிறியாற் கலைத்துவிட்டு உறங்குவதுமில்லை. எங்கே எரிகின்றது, எதனால் எரிகின்றது என்று போய்ப் பார்க்கின்றான். அடுத்தமுறை நம் தந்தையோ தாயோ ஆய்வுகூடத்திலிருந்து கடதாசியுடன் வரும்போது, அதிலே “சரி” என்று எழுதப்பட்டதைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், எழுதப்படாதது யாதென்றும் வைத்தியரிடம் கேட்போமாக. அக்கேள்வி ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.